மெர்டேக்கா சதுக்கத்தை ஆற்றங்கரையிலிருந்து பாருங்கள்: கோலாலம்பூர் நடைவழிகாட்டி

கோலாலம்பூர் வருகிறவர்களில் பெரும்பாலோர் மெர்டேக்கா (சுதந்திரம்) சதுக்கத்துக்கு ஒதுக்குவது இருபது நிமிடம்தான். பேருந்து நிற்கும், கொடிக்கம்பத்தின் கீழ் ஒரு படம், மணிக்கூண்டைப் பின்னால் வைத்து இன்னொரு படம், அவ்வளவுதான். பிறகு இரட்டைக் கோபுரத்துக்குப் புறப்பட்டுவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் அது வெறும் புல்வெளி. நடக்க வேண்டிய வரிசையில் நடந்தால், ஒரு சுரங்கத்தொழில் குடியிருப்பு எப்படித் தலைநகரமானது, ஆள வந்தவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள், அவர்களுக்குக் கணக்கு எழுதியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதெல்லாம் கட்டடங்களிலேயே தெரியும். கொடிக்கம்பத்தைக் கடைசியாகப் பாருங்கள். ஆரம்பம் ஆற்றங்கரையில்.

இந்த வழிகாட்டியின் நடை சுமார் 2 கிலோமீட்டர். நின்று பார்க்க மூன்று மணி நேரம் வேண்டும்.

கிளம்பும் முன் தெளிய வேண்டிய குழப்பங்கள்

முதல் குழப்பம் ரயில் நிலையத்தின் பெயர். எம்ஆர்டி தடத்தில் 'மெர்டேக்கா' என்றே ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கினால் மெர்டேக்கா விளையாட்டரங்கமும் மெர்டேக்கா 118 கோபுரமும்தான் பக்கத்தில். சதுக்கம் நகரத்தின் அந்தப் பக்கம். நீங்கள் இறங்க வேண்டியது மஸ்ஜிட் ஜாமெக் எல்ஆர்டி நிலையம். கேஎல் சென்ட்ரலிலிருந்து கிளானா ஜெயா தடத்தில் ஏறினால் பசார் செனி, அதற்கடுத்து மஸ்ஜிட் ஜாமெக். வாடகைக் காரில் போனால் 'மெர்டேக்கா' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'டத்தாரான் மெர்டேக்கா' என்று சதுக்கத்தின் மலாய்ப் பெயரை முழுதாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சுதந்திரம் எங்கே அறிவிக்கப்பட்டது என்பது. இந்தச் சதுக்கத்தில்தான் என்று பலரும் எழுதுகிறார்கள், பாதிதான் சரி. 1957 ஆகஸ்ட் 30ஆம் தேதி இரவு, நாள் மாறும் நேரத்தில், பிரிட்டிஷ் கொடி இறக்கப்பட்டு மலாயாவின் கொடி ஏற்றப்பட்டது இங்கே. முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்து ஏழு முறை 'மெர்டேக்கா' என்று முழங்கியது மறுநாள் காலை, மெர்டேக்கா விளையாட்டரங்கத்தில். இரவு ஒரு இடம், காலை வேறொரு இடம். அன்று பிறந்த நாடு மலேசியாவும் அல்ல, மலாயாக் கூட்டரசு. மலேசியா 1963இல் வந்தது.

மூன்றாவது, சதுக்கத்துக்கு எதிரே மணிக்கூண்டோடு நிற்கும் செங்கல் மாளிகை, அதாவது சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், அரண்மனை அல்ல. எந்தச் சுல்தானும் அதில் குடியிருந்ததில்லை. அது அரசு அலுவலகமாகக் கட்டப்பட்டது.

எந்த நேரம் போகலாம்

சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் புல்வெளிக்குக் கிழக்கே நின்று மேற்கைப் பார்க்கிறது. காலையில் சூரியன் அதன் முதுகுப் பக்கம் இருப்பதால் படத்தில் கட்டடம் கறுத்துவிடும், வானம் வெளுத்துவிடும். காலை 9 மணிக்குப் போய் 'படம் சரியாக வரவில்லை' என்று கேமராவை நொந்துகொள்வதில் பயனில்லை. மாலை 4.30க்கு மேல் செங்கல்லின் நிறம் தானே எழும்.

சிக்கல் என்னவென்றால், கோலாலம்பூரில் இடிமழை வருவதும் பெரும்பாலும் பிற்பகலில்தான். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இது அதிகம். மழை ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். ஆகவே மூன்று மணிக்குத் தொடங்கி, மழை வந்தால் துணி அருங்காட்சியகத்திலோ பசார் செனியின் மத்தியச் சந்தையிலோ ஒதுங்கி, நின்றதும் வெளியே வருவதே சரியான கணக்கு. மழைக்குப் பிறகு ஈரத் தரையில் மணிக்கூண்டின் பிம்பம் தெரியும்போது கிடைக்கும் படம் வேறெப்போதும் கிடைக்காது.

மலேசியாவின் கடிகாரம் சூரியனைவிட முன்னால் ஓடுகிறது என்பதையும் மனத்தில் வையுங்கள். 1982 ஜனவரி 1இல் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்தள்ளிக் கிழக்கு மலேசியாவோடு சேர்த்தார்கள். அதனால் இங்கே உச்சிவெயில் 12 மணிக்கல்ல, 1.15ஐ ஒட்டி. 2.30க்கும் வெயில் சுடும், புல்வெளியில் ஒதுங்க நிழல் கிடையாது. பொழுது சாய ஏழு மணி தாண்டும். அதன்பின் கட்டடத்துக்கு விளக்கு போடுவார்கள். அதையும் பார்த்துவிட்டு முடித்துக்கொள்ளலாம்.

தவிர்க்க வேண்டிய நாள்கள்: ஆகஸ்ட் மாதக் கடைசி. தேசிய தின அணிவகுப்பு இங்கே நடக்கும் ஆண்டுகளில் ஒத்திகைக்காகச் சாலைகளை முன்கூட்டியே அடைத்துவிடுவார்கள். சில ஆண்டுகள் அணிவகுப்பு புத்ராஜெயாவுக்குப் போய்விடும், எனவே அந்த ஆண்டு எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசலுக்குள் சுற்றுலாப் பயணிகளை விடமாட்டார்கள்.

படி 1: இரண்டு ஆறுகள் சேரும் முனை

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சதுக்கத்தைத் தேடாதீர்கள். ஆற்றங்கரைக்கு நடங்கள். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் முனையில் மஸ்ஜிட் ஜாமெக் நிற்கிறது. 'கோலாலம்பூர்' என்றால் சேற்று முகத்துவாரம். 1857இல் ஈயம் தேடி அம்பாங்குக்குப் போன சீனத் தொழிலாளர்கள் கிள்ளானிலிருந்து படகில் வந்து இறங்கியது இந்தப் பக்கத்தில்தான். படகு அதற்குமேல் போகாது, இறங்கிக் காட்டுக்குள் நடக்க வேண்டும். சாமான் இறங்கும் இடத்தில் கடை வரும், கடை இருக்கும் இடத்தில் ஊர் வரும்.

ஊர் இருந்தது கிழக்குக் கரையில். கப்பித்தான் (சீனர் தலைவர்) யாப் ஆ லோய் காலத்துச் சந்தை, சூதாட்டக் கொட்டகை, அத்தாப்பு என்ற ஓலை வேய்ந்த குடில்கள் எல்லாம் அங்கே. 1880இல் சிலாங்கூர் மாநிலத்தின் நிர்வாகம் கிள்ளானிலிருந்து இங்கே மாறியபோது பிரிட்டிஷ்காரர்கள் ஊருக்குள் குடியேறவில்லை. ஆற்றுக்கு மேற்கே, மேட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நடுவில் ஆறு. சதுக்கம் ஏன் கடைத்தெருவின் நடுவில் இல்லாமல் ஓர் ஓரமாக இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். பாலத்தில் நின்று இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தால் இப்போதும் அந்தப் பிரிவு தெரியும்.

1881 ஜனவரியில் நகரம் தீப்பற்றி எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம். அடுத்து வந்த ஆண்டுகளில், அத்தாப்புக் கூரை கூடாது, செங்கல்லும் ஓடும் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதியான ரெசிடென்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் காலத்தில் விதி போட்டார்கள். செங்கல் அறுத்த இடத்தின் பெயர் பிரிக்ஃபீல்ட்ஸ் என்றே நிலைத்துவிட்டது. இன்று நாம் 'லிட்டில் இந்தியா' என்று மாலை வாங்கப் போகும் அதே இடம்.

மஸ்ஜிட் ஜாமெக் 1909 டிசம்பரில் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக். 1965இல் தேசியப் பள்ளிவாசல் வரும்வரை நகரத்தின் முதன்மைப் பள்ளிவாசல் இதுவே. உள்ளே போக விரும்பினால் தொழுகை இல்லாத நேரத்தில் போங்கள். மேலங்கி வாசலில் கொடுப்பார்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், ஆகவே கட்டுக்கயிறு வைத்த காலணி வேண்டாம்.

படி 2: செங்கல் மாளிகையைச் சரியாகப் படிப்பது

பாலம் தாண்டி மேற்கே வந்தால் ஜாலான் ராஜா என்ற சாலை. அங்கே சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். இந்த நடையில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இது.

அடிக்கல் 1894 அக்டோபரில் நாட்டப்பட்டது. 1897 ஏப்ரலில் திறந்தார்கள். முகப்பின் நீளம் சுமார் 137 மீட்டர், மணிக்கூண்டின் உயரம் சுமார் 41 மீட்டர். ஏறக்குறைய 40 லட்சம் செங்கல் போயிருக்கிறது. கட்டி முடிக்கும் முன்பே, 1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் சேர்ந்து கூட்டு மலாய் மாநிலங்கள் ஆகிவிட்டன. சிலாங்கூருக்கென்று தொடங்கிய அலுவலகம் நான்கு மாநிலத்துக்கும் தலைமை அலுவலகமாயிற்று. இப்போதைய பெயர் 1974இல் வைத்தது. கோலாலம்பூரைச் சிலாங்கூர் மாநிலம் மலேசியக் கூட்டரசுக்கு விட்டுக்கொடுத்த ஆண்டும் அதுவே. கட்டியபோது சிலாங்கூரை ஆண்ட சுல்தானின் பெயர் எண்பது ஆண்டு கழித்து வந்து சேர்ந்தது.

இதன் தோற்றம் ஏன் இப்படி என்பதுதான் சுவையான விஷயம். பொதுப்பணித் துறையின் ஏ.சி. நார்மன் முதலில் வரைந்தது ஐரோப்பியப் பாணி முகப்பு. மாநிலப் பொறியாளர் சார்லஸ் எட்வின் ஸ்பூனருக்கு அது பிடிக்கவில்லை. முஸ்லிம் நாட்டுக்கு முஸ்லிம் பாணி என்று முடிவெடுத்து மாற்றி வரையச் சொன்னார். ஆர்.ஏ.ஜே. பிட்வெல் அதைச் செய்தார், ஹப்பாக்கின் பங்கும் உண்டு. ஸ்பூனர் இங்கே வருவதற்கு முன் வேலை பார்த்தது இலங்கையில். அந்த இலங்கைத் தொடர்பை மறந்துவிடாதீர்கள், படி 5இல் தேவைப்படும்.

சென்னைக்காரர்களுக்கு இந்த முகப்பைப் பார்த்ததும் எங்கோ பார்த்ததுபோல இருக்கும். சென்னை உயர் நீதிமன்றம் 1892இல் திறந்தது. அதே செங்கல், அதே கும்மட்டம், அதே வளைவுகளின் குடும்பம். இந்தோ சாரசனிக் என்று அங்கே சொல்வதன் கடல் கடந்த கிளை இது. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். மலாய்க்காரர்களின் பழைய பள்ளிவாசல்களில் வெங்காயக் கும்மட்டம் கிடையாது. மரத்தில் கட்டி, கூரையை அடுக்கடுக்காக ஏற்றுவதே அவர்கள் மரபு. கிளந்தானின் கம்போங் லாவுட் பள்ளிவாசல் அதற்குச் சாட்சி. வட இந்தியாவிலிருந்து கொண்டுவந்த உருவத்தை 'உள்ளூர் பாணி' என்று வெள்ளைக்காரப் பொறியாளர்கள் சொல்லிவிட்டார்கள். நூறு ஆண்டு கழித்து அதுவே நாட்டின் அடையாளமாகிவிட்டது.

நின்று பார்க்கும் முறை: முதலில் சாலையை ஒட்டி நடந்து, செங்கல்லுக்கு நடுவே வெள்ளைச் சாந்துப் பட்டைகள் எப்படி ஓடுகின்றன என்று பாருங்கள். பிறகு நடைகூடத்தின் வளைவுகள். வெயிலும் சாரலும் அறைக்குள் வராமலிருக்கத்தான் இந்த அகலமான நடைகூடம், அலங்காரத்துக்கல்ல. பிறகு மணிக்கூண்டின் இரு பக்கமும் இருக்கும் சிறிய கோபுரங்கள். அவற்றுக்குள் சுழல்படிகள் இருக்கின்றன. கும்மட்டங்கள் செம்புத் தகடு போர்த்தியவை. கடைசியாகப் புல்வெளியின் மறுகோடிக்குப் போய் முழுதாகப் பாருங்கள். சாலையோரத்தில் நின்று தலையைத் தூக்கி எடுக்கும் படத்தில் மணிக்கூண்டு பின்னால் சாய்ந்து விழுவதுபோல இருக்கும். புல்வெளிக்கு எதிர்க்கோடியில் இருக்கும் சிலாங்கூர் கிளப் பக்கத்திலிருந்து எடுத்தால் நேராக நிற்கும்.

கட்டடம் பல ஆண்டுகள் நீதிமன்றமாக இருந்தது, பிறகு அமைச்சகத்துக்குப் போனது. உள்ளே எந்தப் பகுதி எப்போது திறந்திருக்கும் என்பது சீரமைப்புப் பணிகளைப் பொறுத்து மாறுவதால், போகும் வாரத்தில் விசாரித்துக்கொண்டு போங்கள்.

படி 3: வடக்குக் கோடி, தேவாலயம்

வடக்கே பழைய நகர மண்டபமும் பழைய உச்ச நீதிமன்றமும் ஒட்டியே இருக்கின்றன. இரண்டுமே ஹப்பாக் கைவண்ணம், 1992இல் தீ விபத்தில் சிக்கியவை. வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

அங்கிருந்து புல்வெளியின் வடமேற்கு மூலைக்கு வந்தால் செயின்ட் மேரி தேவாலயம். 1895இல் வழிபாட்டுக்குத் திறந்தது, இதை வரைந்தவரும் நார்மன்தான். எதிரே இருக்கும் மாளிகையில் தன் விருப்பம் மறுக்கப்பட்டவர், இங்கே ஆங்கில நாட்டுப்புறக் கோதிக் பாணியில் தன் மனம்போல வரைந்திருக்கிறார். உள்ளே இங்கிலாந்தின் ஹென்றி வில்லிஸ் செய்த குழாய் ஆர்கன் இருக்கிறது. ஆராதனை இல்லாத நேரத்தில் அமைதியாக உள்ளே போய் உட்காரலாம்.

படி 4: புல்வெளியும் கிளப்பும்

'பாடாங்' என்றால் திடல். இது முதலில் சதுப்பு நிலம், காய்கறி பயிரிட்டார்கள். பிறகு சமன் செய்து போலீஸ்காரர்கள் அணிவகுப்புப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டார்கள். மேற்கே மேட்டின் மேல் அவர்களுடைய முகாம். இன்றும் மலேசியப் போலீசின் தலைமையகமான புக்கிட் அமான் அங்கேதான். அதன்பின் கிரிக்கெட் வந்தது, கிரிக்கெட்டோடு கிளப்பும்.

சிலாங்கூர் கிளப் 1884இல் அத்தாப்புக் கூரைக் குடிலில் தொடங்கியது. கறுப்பு மரச்சட்டம், வெள்ளைச் சுவர் என்று இப்போது தெரியும் தோற்றம் 1910இல் ஹப்பாக் கொடுத்தது. 1970இல் ஒரு பகுதி எரிந்து மறுபடி கட்டினார்கள். 'புள்ளி நாய்' என்று அதற்கொரு செல்லப்பெயர். யாரோ ஒருவர் வாசலில் கட்டிவைத்த டால்மேஷன் நாய்களால் வந்தது என்பார்கள், பல நிறத்தவரும் உறுப்பினராக இருந்ததால் வந்தது என்றும் சொல்வார்கள். பல நிறம் என்றாலும் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பதவியும் பணமும் இருந்த மிகச் சில ஆசியர்களுக்கே இடம். அந்தச் சிலரில் ஒருவர் தமிழர், கே. தம்புசாமி பிள்ளை. ஆண்கள் மட்டுமே நுழையலாம் என்ற நீண்ட மதுக்கூடம் ஒன்றும் உள்ளே பிரபலம்.

1938இல் இந்தக் கிளப்பின் விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தைக் கேலியாக 'ஹேஷ் ஹவுஸ்' என்று அழைத்த சிலர் தொடங்கிய ஓட்டக்குழுதான் உலகமெங்கும் பரவிய ஹேஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்.

இப்போதும் அது உறுப்பினர்களுக்கான இடம். வாசலில் போய் 'சும்மா பார்க்கலாமா' என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். திடல் மட்டும் 1980களின் பிற்பகுதியில் மாநகராட்சிக்குப் போய், 1990 ஜனவரி 1 முதல் 'டத்தாரான் மெர்டேக்கா' ஆனது. பொதுவிடம் என்றாலும் எப்போதும் திறந்தவிடம் என்று அர்த்தமல்ல. 2012 ஏப்ரல் 28இல் தூய தேர்தல் கேட்டு நடந்த பெர்சே 3.0 பேரணியின்போது முள்கம்பியும் தடுப்பும் போட்டுத் திடலை அடைத்திருந்தார்கள்.

படி 5: தெற்குப் பக்கம், இரயில்வே அலுவலகம்

மறுபடி ஜாலான் ராஜாவுக்கு வந்து தெற்கே நடங்கள். சிவப்பு வெள்ளைப் பட்டைகளோடு நிற்கும் கட்டடம் 1905இல் கூட்டு மலாய் மாநில இரயில்வேயின் தலைமையகமாக எழுந்தது. வரைந்தவர் ஹப்பாக். இப்போது தேசியத் துணி அருங்காட்சியகம். சொங்கேட், பாத்தேக் நெசவையும் சாயத்தையும் படிப்படியாகக் காட்டுகிறார்கள். குளிர்சாதனம் இருப்பதால் வெயிலிலிருந்து ஒதுங்கவும் இதுவே சரியான இடம்.

இங்கேதான் ஸ்பூனர் திரும்ப வருகிறார். மாநில இரயில்வேக்கள் ஒன்றானபோது 1901இல் அதன் தலைமை மேலாளர் ஆனவர் அவர். எழுத்தர், நிலைய அதிபர் வேலைக்கு ஆங்கிலம் படித்த ஆள் தேவை. இலங்கையில் வேலை பார்த்தவருக்கு யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகளில் படித்த பிள்ளைகளைப் பற்றித் தெரியும். அப்படி வந்த யாழ்ப்பாணத் தமிழர்களால் மலாயா இரயில்வே நிறைந்தது. தண்டவாளம் போட்ட தமிழகத் தொழிலாளர்களும், கணக்கெழுதிய யாழ்ப்பாணத்தவரும் ஒரே மொழி பேசிக்கொண்டு வெவ்வேறு வாசல் வழியாக இதே நிறுவனத்துக்குள் போனார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் இரயில்வே குடியிருப்புகளை ஒட்டி ஸ்ரீ கந்தசுவாமி கோயிலும் 1904இல் விவேகானந்தா ஆசிரமமும் வந்த காரணம் அதுவே. நேரமிருந்தால் மறுநாள் அங்கே தனியாகப் போங்கள்.

சதுக்கத்தின் தென்பக்கத்தில் பழைய சார்ட்டர்ட் வங்கிக் கட்டடம். 1926 பெருவெள்ளத்தில் இதன் பெட்டகத்துக்குள் தண்ணீர் புகுந்து, நனைந்த நோட்டுகளைத் திடலில் பரப்பி வெயிலில் உலர்த்தினார்கள் என்று சொல்வார்கள். இந்த இடம் எவ்வளவு தாழ்வானது என்பதற்கு அந்தக் கதை போதும். 2007இல் வெள்ள நீரைத் திருப்பிவிட 9.7 கிலோமீட்டர் சுரங்கம் திறந்ததே நகர நடுவைக் காப்பாற்றத்தான். பலத்த மழையில் ஆற்றங்கரை நடைபாதையில் நிற்காதீர்கள், தண்ணீர் மட்டம் சடாரென்று ஏறும். பக்கத்திலேயே 1899ஐச் சேர்ந்த பழைய அரசு அச்சகம். அதற்குள் என்ன இயங்குகிறது என்பது அடிக்கடி மாறும்.

படி 6: கொடிக்கம்பம்

இப்போது கொடிக்கம்பத்துக்கு வாருங்கள். 95 மீட்டர். 1957 புகைப்படங்களில் காண்பது இந்தக் கம்பம் அல்ல, இது பின்னாளில் நட்டது. அன்றிரவு நள்ளிரவுக்கு முன் இரண்டு நிமிடம் விளக்குகளை அணைத்தார்கள். மணிக்கூண்டு பன்னிரண்டு அடித்தபோது விளக்கு எரிந்தது, கொடி மாறியது. அன்று ஏறிய கொடியில் 11 கோடுகள், பதினொரு மாநிலங்களுக்கு. மேலே பறப்பதில் 14. எண்ணிப் பார்க்கலாம், காற்று ஒத்துழைத்தால்.

கம்பத்தின் அடியில் நின்று படம் எடுத்தால் கம்பம் மட்டும்தான் வரும், கொடி வராது. வடக்கே நன்றாகத் தள்ளிப் போய் எடுங்கள்.

படி 7: முடிக்கும் இடம்

கழிவறை, குடிநீர், உட்கார இடம் எல்லாவற்றுக்கும் மத்தியச் சந்தை. கழிவறைக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஜாலான் துன் எச்.எஸ். லீயில் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில். 1873இல் தொடங்கியது என்பது கோயில் வரலாறு, இன்றைய இடத்துக்கு 1885இல் வந்தது, ஐந்து நிலை இராஜகோபுரம் 1968இல் எழுந்தது. நிறுவியவர் கிளப்பில் உறுப்பினராகப் பார்த்தோமே, அதே தம்புசாமி பிள்ளை. தைப்பூச வெள்ளிரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இந்த வாசலிலிருந்துதான். மாலைப் பூசைக்கு நடை திறந்திருக்கும் நேரத்தில் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காலணி வைக்க வாசலருகே இடம் உண்டு. கை கால் கழுவிவிட்டு உள்ளே போகலாம்.

பசித்தால் லெபோ அம்பாங் பக்கம் திரும்புங்கள். செட்டியார்களின் வட்டிக்கடைத் தெரு அது. வாழையிலைச் சாப்பாடு மதியத்தோடு முடிந்துவிடும் கடைகளே அதிகம். இரவில் தோசையும் தே தாரிக்கும் (ஆற்றி நுரைக்க வைத்த பால் தேநீர்) கிடைக்கும்.